படுகைக் கொடிக்காலில் நின்ற தண்ணீர்

நான் ஒரு வெற்றிலைக் கொடிக்காலை அழித்தேன். பழியை முதலில் மழை வாங்கிக்கொண்டது. பிறகு அது ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அவள் என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

எங்கள் குடும்பத்து நெல் வயல்கள் எல்லாம் காவிரிக் கரைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடந்தன. கரைக்கு இந்தப் பக்கம், ஆற்றை நோக்கிச் சரியும் படுகையில் ஒரு துண்டு நிலம். அதை மட்டும் அப்பா வெற்றிலைக்குக் குத்தகை விட்டிருந்தார். குத்தகைக்காரரும் அவர் மனைவியும் வரிசை வரிசையாக அகத்தி வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றியிருந்தார்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்லூரி விடுமுறையில் நான் புத்தகத்தோடு போய் உட்காருவேன். உள்ளே வெயில்கூடப் பச்சையாக இருக்கும். ஈர மண்ணின் வாடை, எப்போதாவது தோளில் உதிரும் அகத்திப்பூ, எங்கோ இலை கிள்ளும் மெல்லிய சத்தம். ஆறு ஓடுவது காதில் விழுகிறதா, என் நினைப்பா என்று தெரியாமல் தூங்கிப்போவேன்.

சித்திரையில் கிள்ளிய இலை சிறுத்திருக்கும், நாக்கைச் சுடும். ஐப்பசி மழையில் அகலமாக விரியும், ஆனால் நீர்த்துப்போன ருசி. மார்கழிப் பனி இறங்கிய பிறகுதான் மணம் கூடும். தை மாதத்து இலை வாயில் போட்டதும் கரைந்துவிடும். அதுவும் எல்லாத் தையிலும் ஒன்றாக இருக்காது. ஆடி வெள்ளம் வண்டலை நிறையக் கொண்டுவந்து விட்ட வருஷத்துக்கு ஒரு குளுமை. பனி ஏமாற்றிய வருஷத்துக்கு ஒரு கசப்பு. சரிவின் மேல் வரிசை இலையில் காரம் தூக்கலாக இருக்கும், அடி வரிசை இலை சாந்தமானது. ஐரோப்பாவில் மலைச்சரிவுத் திராட்சை ரசத்தை வருஷம் சொல்லிச் சுவைப்பார்கள் என்று பிற்பாடு படித்தபோது, எனக்கு அந்தப் படுகைதான் கண்ணுக்குள் வந்தது.

கொடிக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. வேரில் நின்றால் அழுகிவிடும். அதற்குத்தான் அந்தச் சரிவு. பெய்கிற மழையெல்லாம் பாத்திகளின் வழியே இறங்கி, அடி வரப்பில் புதைத்த ஒரு குழாயில் புகுந்து ஆற்றுக்குப் போய்விடும்.

புது ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். கீழ்த்தஞ்சை முழுக்கக் கூலிச் சண்டை, வரப்புகளில் சிவப்புக் கொடி. நிலத்தைப் பார்க்க அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நெல்லுன்னா அறுத்துட்டா வெறும் தரை. கொடிக்கால் வருஷக்கணக்கா நிக்குமே. அது நிக்கிற வரைக்கும் அவன்தான் பயிர் பண்றான்னு எழுதிடுவாங்க. அப்புறம் அவனக் கெளப்பவே முடியாது."

செய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

ஐப்பசி மாதம். குத்தகைக்காரர் மற்றவர்களோடு மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். தூறல் வலுக்கத் தொடங்கியது. அவர் மனைவி சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, குழாய் வாயில் அடைந்திருந்த சேற்றை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தாள். கரைமேல் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டுக்குப் போங்க சின்னய்யா. காலேஜ் ஒடம்பு, கரைஞ்சிடப் போவுது."

அவள் போன பிறகு, ஆற்றுப் பக்கமாகத் தாழம்புதருக்குள் இறங்கினேன். குழாயின் மறுமுனையில், வைக்கோலும் களிமண்ணும் திணித்த சாக்கைக் காலால் மிதித்து இறக்கினேன். தாழைமுள் கையைக் கிழித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. மழை அழகாகப் பெய்துகொண்டிருந்தது.

மழை விடவேயில்லை. பாதை அறுந்துபோனதால் கணவர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். அதுவரை அவள் தனியாகக் குடத்தால் தண்ணீரை இறைத்துக் கொட்டியிருக்கிறாள். அவர் வந்து வரப்பையே வெட்டிவிட்டார். அதற்குள் வேர் மூச்சடைத்துவிட்டது. சாக்கை நான் பிறகு உருவி ஆற்றில் விட்டேன். அடி வரிசையிலிருந்து மேல் வரிசைவரை மஞ்சள் ஏறியது. தண்டு கறுத்தது. சில நாளில் மொட்டை அகத்திகள் மட்டும் நின்றன.

"ஒரு பகலு ஒன்ன நம்பி உட்டுட்டுப் போனேன்," என்று கரைமேல் எல்லார் முன்னாலும் அவர் கத்தினார். "கொழா வாயி சேத்த வாரத் துப்பில்ல ஒனக்கு!"

"வாரினேங்க. சத்தியமா வாரினேன். சின்னய்யா பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. கேட்டுப் பாருங்க."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் கவனிக்கல," என்றேன்.

அதிகாரி வந்தார். பயிர் இல்லை, பெயரும் பதிவாகவில்லை. அவர்கள் குத்தாலம் பக்கம் போய், பிறர் கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளினார்கள். நான் வாத்தியாரானேன். ஓய்வு பெற்றேன். அப்பா காலமாகி, படுகை என் பாகத்துக்கு வந்தது. மழை பிடிக்கும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தப் பெண் சாக்கைப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் அவள் வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கணவர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"என்ன சின்னய்யா, புதுசா மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்று அவர் சிரித்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படுகையை அவர்களுக்கே எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மனைவியின் முகத்தைப் பார்க்க முயன்றார்; முடியவில்லை. அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

"நெலம் கெடக்கட்டும்," என்றாள் என்னிடம். "கொடிக்கால அழிச்சவ இவதான்னு என் பொண்ணப் பொண்ணு பாக்க வந்த எடத்துலகூட ஜாடையா சொன்னாங்க. வூட்டுக்குள்ள மெல்ல சொல்லிட்டுப் போயிடாதீங்க. தெருவுக்கு வந்து சொல்லுங்க."

தெருவில் நின்று சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாள். கூட்டத்தில் ஒருத்தி, "ஆத்தாடி! இனிமே பெரியம்மாவ எதச் சொல்லித் திட்டுறதாம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "எழுந்திரிச்சு சோறு தின்னுங்க," என்று கணவரிடம் மட்டும் சொன்னாள்.

படுகையை அவள் பெயருக்கே எழுதி வைத்தேன். அவள் மகளும் மருமகனும் அகத்தி போட்டுக் கொடி ஏற்றினார்கள். காவிரியில் முன்போல் தண்ணீர் இல்லை, வண்டலும் வருவதில்லை. போர்வெல் தண்ணீரில் இலை சற்று முரடாகத்தான் வந்தது.

சில தடவை போயிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வீட்டில் வெற்றிலைத் தட்டு வரும். எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். தட்டு என் முன்னால் வந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

அவர்கள் கொடிக்கால் இலையைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்கிறேன். போன மார்கழியில் பனி நன்றாக இறங்கியது. தையில் கடைக்காரர், "படுகை எலை சார், அடி வரிசை," என்று நீட்டினார். வீட்டுக்கு வந்து, பாக்குக்கூட வைக்காமல், ஒரே ஒரு இலையை மென்றேன். கொஞ்சம் காரம், கொஞ்சம் கசப்பு. பிறகு வெகுநேரம் கழித்து, அந்தப் பழைய குளுமை.