அப்பாவின் அடிக்குரல்

அமெரிக்காவின் ஒஹாயோவில் பால் லாரி ஓட்டியவர் என் அப்பா ஹார்லன் ஸ்டட்ஸ்மன். எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ சபையில் இசைக்கருவி கிடையாது. நான்கு குரலாகப் பிரிந்து பாடுவோம். மிகத் தாழ்ந்த அடிக்குரல் அப்பாவுடையது. சின்ன வயதில் அவர்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் பாட்டு என் முதுகில் அதிரும்.

நுரையீரலில் புற்றுநோய் முற்றியதும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். "பயமா இருக்கு, லோரீன்," என்றார் ஒரு மதியம். நான் பொறியாளர். ஆக்சிஜன் இயந்திரத்தைச் சரிசெய்யத் தெரியும். அதன் குழாயைச் சரிபார்த்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் சிலர் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். சபையில் அப்பாவின் பக்கத்தில் நின்று அடிக்குரல் பாடும் வெர்னனும் வந்திருந்தார். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு அடித்தளம் இல்லாத வீடுபோல் நின்றது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா வெர்னன், வாய்க்குப் பூட்டு போட்டுட்டியா?"

"நீ எப்பவும் லேட்டாத்தானே வருவ? உனக்காகத்தான் காத்திருக்கேன்."

அப்பா சிரித்தார், இருமினார். அடுத்த அடியில் கரகரவென்று சேர்ந்துகொண்டார். மூச்சு தீர்ந்த இடத்தில் வெர்னன் அந்தச் சுரத்தை வாங்கிக்கொண்டார். மூச்சு திரும்பியதும் விட்டுக்கொடுத்தார்.

எல்லோரும் போனபின் அப்பா சொன்னார்: "நான் விட்டா அவன் பிடிச்சுக்கிறான், பாத்தியா?"

மறுபடி பயம் என்று அவர் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர் மூச்சு நின்றபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெர்னன் பாடிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து கட்டிலில் முதுகைச் சாய்த்திருந்தேன். பாட்டு என் முதுகில் அதிர்ந்துகொண்டிருந்தது.