பூஜையில் வைத்த பன்னிரண்டாம் கட்டம்

பாகூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. கையில் வைத்து ஆடுகிற சின்னக் கருவியில் வீடியோ கேம் ஆடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படச் சொல்கிறவர்களுக்குத்தான் வேறு வேலை இல்லை.

நான் ஆடியது ஒரு விண்வெளிக் கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகம் தெரியாத பிள்ளை கிடையாது. இரண்டாம் பாகத்தை ஒருவரும் சீந்தவில்லை. இணையத்தில் தேடினால், கடைசிக் கட்டம் கொடுமை, பாதியில் விட்டுவிட்டேன் என்று நாலு பேர் புலம்பியிருந்தார்கள். உடைந்த கப்பலோடு ஒரு நிலவில் மாட்டிக்கொண்ட பெண், சுரங்கத்தில் சிக்கிய குடும்பங்களை மீட்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் நடுவில் சேமித்து வைக்க வழியே இல்லை. அவசரமென்றால் கருவியைத் தூங்க வைக்கலாம். சார்ஜ் தீர்ந்ததோ, அந்தக் கட்டம் மறுபடி முதலிலிருந்துதான்.

என் கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு வருஷமாக என் கருவிக்கு அவர் வைத்த பெயர் டப்பா.

"சொப்பு வச்சி வெளாடுற வயசாடி இது?" என்பார்.

"உனக்கு டிராக்டர்னா எனக்கு இது. பொம்மைன்னு சொல்ற வேலையெல்லாம் வச்சிக்காத" என்று ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நிற்பேன்.

ஆயுத பூஜை அன்று காலை, கடைசிக் கட்டத்தின் கடைசி வாசல்வரை வந்துவிட்டேன். கருவியைத் தூங்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள், நல்ல நேரம் போய்விடுமென்று அவர் கற்பூரமே காட்டிவிட்டார். அரிவாள், ஸ்பேனர், கடை ஸ்டேப்ளர் வரிசையில் என் கருவியும் சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடமாட்டோம்.

"யோவ், அத ஏன்யா வச்ச?"

"இன்னாடி, உன் ஆயுதம்னுதானே வச்சேன்? எனக்கு டிராக்டர்னா உனக்கு அதுன்னு நீதானே சொல்லுவ."

பழைய பேட்டரி, பொழுது சாயும்வரைகூடத் தாங்காது. எடுக்க வேண்டுமென்றால், இது ஆயுதமில்லை, வெறும் விளையாட்டுச் சாமான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. வீம்புக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது? மூன்று மணிக்குக் கருவியின் சார்ஜ் விளக்கு சிவப்பானது, நாலு மணிக்கு அணைந்தது.

மறுநாள் காலை கருவியைத் துடைத்து சார்ஜ் போட்டேன்.

"போச்சா?" என்றார்.

"போச்சு."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றது? மறுபடியும் ஆடுவேன். எங்க போயிடும் அது?"

கடையைத் திறக்கவில்லை. அன்று ஆறு முறை செத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது முறை வாசல் திறந்தது, கப்பல் கிளம்பியது, திரையில் ஆங்கிலப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அந்தச் சின்னப் பொண்ணு, மூச்சு முட்டிக்கினு கெடந்துச்சே, அதுவும் ஏறிச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கதையில் ஒரு வரிகூட நான் அவரிடம் சொன்னதில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஏறிச்சுயா," என்றேன். "ஒருத்தரையும் விடல. எல்லாரையும் ஏத்திட்டேன்."