பேதிக்கு எழுதிக் கொடுக்காத மருந்து

என் எட்டு மாதப் பிள்ளைக்கு நேற்றிலிருந்து பேதி. "குடல் ஓயட்டும் அண்ணி, பாலே குடுக்காதீங்க" என்றாள் நாத்தனார். நானும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன்.

இன்று காலை அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பயந்துபோய் ஆலங்குடியில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் எல்லாரும் "பால் ஆகாது" என்றே சொன்னார்கள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "கடைசியா எப்பப் பால் குடுத்தே?" என்று கேட்டார்.

"நேத்துக் காலையிலங்க."

"பேதி பத்தாதுன்னு பட்டினியுமா? இப்பவே குடு. அப்பப்பக் குடுத்துக்கிட்டே இரு."

பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தேன். முதலில் வாய் வைக்கவில்லை. பிறகு விடவே இல்லை. பொழுது சாய்வதற்குள் காலை உதைக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார், "என்ன மருந்து அண்ணி?" என்றாள்.

"பாலு."

"இதுக்கா பஸ் ஏறிப் போனீங்க? அது வீட்டுலயே இருந்துச்சே!"