வெளிச்சத்தில் பறித்த திராட்சை

பகல் இரண்டு மணிக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினேன். அனந்தபுரத்துக்கு இருபத்திரண்டு ரூபாய் டிக்கெட். நான் ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன ஒயின் ஆலையில் வேலை பார்க்கிறவன். மருந்தடிக்காத பச்சைத் திராட்சையில் மெல்லிய வெள்ளை ஒயின் செய்யவேண்டும் என்பது என் பிடிவாதம். இந்தப் பருவத்திலும் பழம் சிக்காவிட்டால் அந்த ஒயினையே விட்டுவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ‘ஓர் உயிருக்கும் தீங்கின்றி விளைந்தது’ என்று லேபிள் வேறு அச்சாகிக் காத்திருந்தது. பழம் இல்லாமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன்.

அனந்தபுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. “நயினார் தோட்டமா? கிளிங்க துன்னது போக மிச்சம்தான் அவுருக்கு” என்று சிரித்தார் டிரைவர்.

அப்பாண்டை நயினார் அறுபதைத் தாண்டிய சமண விவசாயி. முக்கால் ஏக்கர் பந்தல். சமணர்கள் மதுவைத் தொடமாட்டார்கள் என்று தெரிந்தே, ஜூஸுக்குப் பழம் வேண்டும் என்று ஃபோனில் புளுகியிருந்தேன். மாலை ஐந்தரைக்கே கேப்பை அடை போட்டார்கள். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

“விடியறதுக்கு முன்னாடியே பறிச்சிடலாமாங்க? பழம் குளிர்ச்சியா இருக்கும்” என்றேன். வெயில் ஏறினால் வெள்ளை ஒயினுக்கு வேண்டிய வாசனை போய்விடும்.

“இருட்டுல பறிக்க மாட்டோம் தம்பி. கொத்துல எறும்பு, பூச்சி கீது. கண்ணுக்குத் தெரியாம நசுங்கிடும். ஆமா, ஜூஸுக்கு எதுக்கு குளுந்த பழம்?”

லாரியில் கெடாமல் போகும் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம் வந்தபின்தான் கத்தரிக்கோலை எடுத்தார். ஒவ்வொரு கொத்தையும் மெல்லத் தட்டி, எறும்புகள் இறங்கும்வரை நின்று, பிறகு வெட்டினார். சிலந்தி கூடு கட்டியிருந்த கொத்தைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரத்தில் அரைக் கூடைதான் சேர்ந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஐயா, ஜூஸுக்கு இல்லீங்க. ஒயினுக்கு.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “புளிக்க வெச்சா அதுல எத்தினி உயிரு சாவும்! என் கையால அதுக்குக் குடுக்க மாட்டேன். கோச்சிக்காதீங்க.”

“வேற யாரும் வாங்க வரலியேங்க?”

“அதான் கிளிங்க வருதே” என்றவர், கூடையிலிருந்து இரண்டு கொத்தை எடுத்து நீட்டினார். “பசியோட போவாதீங்க. துன்னுக்கினு போங்க.”

வெறுங்கையோடு ஓசூர் திரும்ப மனமில்லாமல், செஞ்சி வந்து திண்டிவனம் பேருந்து பிடித்தேன். இருபத்தெட்டு கிலோமீட்டரும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தேன். மெல்லிய தோல், அளவான புளிப்பு. நான் செய்ய நினைத்த ஒயின் அப்படியே வாயில் இருந்தது.

திண்டிவனத்தில் இறங்கி முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

“பழம் கெடச்சுதாப்பா?”

“கெடச்சுது சார். தின்னுட்டேன்.”

“என்னப்பா சொல்றே?”

“வேற தோட்டம் தேடறேன் சார், விடமாட்டேன். இந்தத் தடவை ஒயினுக்குன்னு சொல்லித்தான் கேப்பேன். ஆனா அந்த லேபிள் மட்டும் நமக்கு வேணாம்.”