வேலை இல்லாத காணும் பொங்கல்

காணும் பொங்கல் என்றாலே கஸ்தூரிக்கு மலைப்பாக இருக்கும். மகள் சந்தியாவின் மாமியார் வீட்டார் அனுப்பம்பட்டிலிருந்து ஒரு பட்டாளமாக வந்து இறங்குவார்கள். நண்டு உடைத்து, இறால் உரித்து, மசாலா அரைத்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இந்த வருஷம் சந்தியாவே ஒரு வழி சொன்னாள். பொன்னேரியில் பிரியாணி சொல்லிவிடலாம், அம்மா கால் நீட்டி உட்காரட்டும் என்றாள். கஸ்தூரிக்கும் அது இனித்தது.

அன்று காலை முனியம்மாள் கொல்லைப்பக்கமாக வந்தாள். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பவள், தனிக்கட்டை. எந்த வருஷமும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. தானாக வருவாள், உரிப்பாள், கழுவுவாள். விருந்தாளிகள் எழுந்த பிறகு அவளும் கஸ்தூரியும் அடுப்படியில் உட்கார்ந்து, சட்டியை வழித்துப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி சாப்பிடுவார்கள்.

“இன்னிக்கு வேலை ஒண்ணும் இல்லக்கா. பிரியாணி கடையில சொல்லிட்டோம்” என்றாள் கஸ்தூரி, சிரித்த முகமாக.

உன் இடுப்புக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு முனியம்மாள் வந்த வழியே போனாள்.

மத்தியானம் பரிமாறும்போது, இந்தத் தடவை உங்கள் முகத்தில் களைப்பே இல்லை என்று சம்பந்தியம்மா ஜமுனா மெச்சினாள். அப்போதுதான் கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. வேலை இல்லை என்று சொன்னோமே, சாப்பிட வா என்று சொன்னோமா?

ஒரு தட்டில் பிரியாணி போட்டு மூடிக்கொண்டு முனியம்மாளின் குடிசைக்கு ஓடினாள். அங்கே அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

“நீ வந்திருக்கலாம்லக்கா” என்றாள் கஸ்தூரி.

“சும்மா வந்து ஒக்காந்தா, இது யாருன்னு உன் சம்பந்தி கேக்குமே. இன்னான்னு சொல்லுவ?” முனியம்மாள் கேலியாகத்தான் கேட்டாள்.

அக்கா என்று சொல்லலாம். வாய்க்கு வாய் அப்படித்தானே கூப்பிடுகிறாள். ஜமுனாவின் எதிரில் அந்தச் சொல் வருமா என்று கஸ்தூரி யோசித்தாள். யோசித்ததே வெட்கமாக இருந்தது.

“நானும் இன்னும் சாப்பிடல” என்று மட்டும் சொன்னாள்.

முனியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். ஒரே தட்டில் இரண்டு பேரும் கை வைத்தார்கள்.

“கறி கட்டையா கீது. கடைக்காரனுக்குப் பல்லே கெடையாது போல, கடிச்சுப் பாக்காமலே வித்துட்டான்.”

கஸ்தூரி சிரிக்கப் பார்த்தாள். முனியம்மாளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். தட்டைத் தூக்கி வருவது சுலபமாக இருந்தது, அதனால் தூக்கி வந்தாள். அது அவளுக்குத் தெரியும். முனியம்மாளுக்கும் தெரிந்திருக்கும். அவள் பெரிய கறித்துண்டாகப் பார்த்துக் கஸ்தூரியின் பக்கம் தள்ளி வைத்தாள்.