அண்ணை செய்த மொழிபெயர்ப்பு

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஆளுக்கொரு எழுத்தாளரைப் பிரித்துக் கொடுத்து, அவருடைய சிறுவயதைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையில் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றார். எனக்குக் கிடைத்தவர் நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த புகழ்பெற்ற ஓர் ஆங்கிலேயர். பெற்றோர் கடல்கடந்த நாட்டில் இருக்க, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் விடப்பட்டவர். அங்கே அடியும் ஏச்சும் வாங்கி, ஒளித்திருந்து புத்தகம் படித்து, பல வருடங்கள் கழித்தே தாயைக் கண்டார். நூலகத்துப் புத்தகத்தில் இதை வாசித்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. முதல் பரிசு எனக்குத்தான் என்ற நிச்சயமும் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்த எழுத்தாளர்கள் எல்லோரும் சந்தோஷமாக வளர்ந்திருந்தார்கள்.

டவுன்டவுன் ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலைசெய்த அம்மா அன்று அரைநாள் லீவு எடுத்து வந்தார். தனக்கு இங்கிலீஸ் விளங்காது என்று சொல்லி அண்ணையையும் கூட்டிவந்தார். அண்ணைக்கு அப்போது பதினைந்து வயது. நான் கனடாவில், மொன்றியலில் பிறந்தவள். அவரோ மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவிடம் விடப்பட்டு, ஒன்பது வயதில்தான் எங்களிடம் வந்தவர். அம்மா ஏதாவது கேட்டால் அண்ணை பதில் சொல்வார். தானாக எதுவும் கதைக்கமாட்டார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

நான் பேசப் பேச, மூன்றாவது வரிசையில் அண்ணை அம்மாவின் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அடி வாங்கிய இடம் வந்தபோது மண்டபம் அசையாமல் இருந்தது. அந்த அமைதி தந்த துணிவில், புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். அந்தத் தாய் நெஞ்சில் ஈரமில்லாதவள், நினைத்திருந்தால் மகனை எப்போதோ கூப்பிட்டிருக்கலாம், அவளுக்கு அவன் தேவைப்படவில்லை என்றேன்.

அண்ணை நிறுத்திவிட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணை மறுபடி குனிந்து ஏதோ சொன்னார், நான் பேசியதைவிட நீளமாக. எல்லோரும் கைதட்டினார்கள். முதல் பரிசு எனக்கே கிடைத்தது.

எங்கள் வீடு இருந்த ரொக்ஸ்பரோவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா முன்னாலும் நானும் அண்ணையும் பின்னாலும் இருந்தோம். கடைசியில் நான் சொன்னதை எப்படித் தமிழில் சொன்னீர்கள் என்று அண்ணையைக் கேட்டேன்.

"அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் அழுதவ. விசா கிடைக்காதபடியாலைதான் கூப்பிடப் பிந்தினது எண்டு சொன்னனான்."

அந்தக் காலத்தில் விசாவே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. என் பேச்சின் உச்சத்தையே கெடுத்துவிட்டாரே என்ற ஆத்திரத்தில் அம்மாவிடம் போய், அண்ணை எல்லாவற்றையும் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று முறையிட்டேன்.

அம்மா வெளியே பார்த்தபடி இருந்தார். "தெரியும், பிள்ளை. வேலையிலை நாள் முழுக்க இங்கிலீசோடைதானே மாரடிக்கிறன். நீ சொன்னதும் விளங்கினது, அவன் சொன்னதும் விளங்கினது."

பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். அண்ணை கையை இழுக்கவில்லை.

முதல் பரிசு வாங்கியவளைக் கவனிக்க அந்த பஸ்ஸில் ஒருவரும் இல்லையே என்ற கோபத்தில், வீடு வரும்வரை நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.