உட்கார்ந்துதான் சாப்பிடுவான் எவரிஸ்தோ

பந்தயத்தின் நடுவே, சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறான் எவரிஸ்தோ கால்புசேரா. தோளில் மாட்டியிருந்த உபரி டயரைக் கழற்றி மேசைமேல் போடுகிறான். கழுத்தில் துண்டைச் செருகிக்கொள்கிறான். மக்காச்சோளக் களி ஆறியிருந்தால் சூடு பண்ணித் தரச் சொல்வான். அதற்குள் பின்னால் வந்தவர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவனைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அவனைப்போல மேடு ஏற லொம்பார்தியா மாகாணத்தில் ஆளில்லை என்று எதிரிகளே சொல்கிறார்கள். ஆனால் ஆறு வருஷத்தில் அவன் ஜெயித்தது ஒரே பந்தயம். அன்றைக்கு வழியெங்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வேலைநிறுத்தம்.

"மத்தவனெல்லாம் சைக்கிள்மேலயே தின்னுட்டுப் போறான். உனக்கு மட்டும் என்னய்யா கேடு?" என்று அவன் மனைவி தெசோலினா கேட்காத நாளில்லை. ஊரார் துணியைத் துவைத்து வீட்டை ஓட்டுகிறவள் அவள்தான்.

"ஒம்போது வயசுலேர்ந்து செங்கல் சூளையில நின்னுக்கிட்டே தின்னவன் நான். இனிமே உக்காந்துதான் தின்பேன்" என்பான். அதற்குமேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு சைக்கிள் கம்பெனிக்காரர் வந்தார். மிலான் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாதச் சம்பளம் என்றார். வராவிட்டால் மறுபடி சூளைதான் என்று தெசோலினா கறாராகச் சொல்லிவிட்டாள். பந்தயம் அவர்கள் ஊரான எர்பா வழியாகத்தான் போகிறது. பந்தயத்தன்று காலையிலேயே அங்குள்ள சாப்பாட்டுக் கடைக்காரர் த்ரான்குவில்லோவிடம் பேசி, நாற்காலி பெஞ்சு எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டச் செய்தாள்.

எவரிஸ்தோ முதல் ஆளாக வந்தான். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை.

"நாற்காலி எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றாள் கடை வாசலில் நின்ற தெசோலினா.

"அத்தனையுமா?"

"அத்தனையும்தான். ரொட்டிய வாயில வச்சுக்கிட்டு ஏறுய்யா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தான். கடையில் வாங்கிய முயல்கறிப் பொட்டலத்தை மடியில் பிரித்து, எலும்பைத் தனியே ஒதுக்கி நிதானமாகத் தின்றான். ஏழெட்டுப் பேர் வாயில் ரொட்டியோடு பறந்து போனார்கள்.

"பாத்தியா? போயிட்டானுங்க" என்றாள்.

"பாவம்" என்றான் அவன், அவர்களைப் பார்த்து. "உப்பு கொஞ்சம் கம்மி."

மிலானில் அவன் நான்காவது. மூன்றாமவனுக்கும் அவனுக்கும் அரைச் சக்கர தூரம். கம்பெனிக்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரமே சூளை. மத்தியானம் தெசோலினா சாப்பாடு கொண்டு போனாள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாதென்பது சூளைச் சட்டம்; எல்லாரும் வரிசையாக நின்று தின்றுகொண்டிருந்தார்கள். எவரிஸ்தோ மட்டும் செங்கல்லை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கோடியில் மேஸ்திரி வருவது தெரிந்தது.

"உன்னைக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதும். இங்கேயாவது எந்திரிச்சுத் தொலையேன்" என்று பல்லைக் கடித்தாள்.

அவன் கிண்ணத்துக்குக் கையை நீட்டினான். அவள் அதைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி வரும் பக்கமாகத் திரும்பி அவனுக்கு முன்னால் நின்றாள். சால்வையை உதறுகிறவள் போல இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டாள்.